தாராளமா பாருங்க சார்

டாக்சிக்காரருக்கு இருபது வருடப் பழக்கம். யாராவது வண்டியருகே வந்தாலே கையோடு டிக்கியைத் திறந்துவிடுவார். அன்று மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும் வழியில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

“கஞ்சா கடத்துறதா தகவல். வண்டியைப் பார்க்கலாமா?”

“தாராளமா பாருங்க சார்!”

டிக்கியோடு விட்டாரா அந்த மனிதர்? மனைவியின் பையையும் பிடுங்கி பானெட்டின் மேல் கொட்டினார். பெற்ற மகளுக்கே தெரியாமல் அவள் வாங்கி வைத்திருந்த, பெரியவர்களுக்கான டயப்பர்களைப் பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். கஞ்சா எங்கே கிடைக்கும்? “கிளம்புங்க” என்றதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் டாக்சிக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பையில் இருந்ததை மட்டும் மறைத்து, வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“கேஸ் போடலாமாம்மா?”

“அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்ப்பா. தக்க காரணம் இல்லாம சோதனை போட முடியாது. ஆனா நீங்களே பாருங்கன்னு சொல்லிட்டீங்களே!”

“நம்மகிட்ட மறைக்க என்னம்மா இருக்கு?”

பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த மனைவி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“உங்ககிட்ட இல்ல. பை என்னுது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”