போட்டோக்காரர் மனைவியின் படம்

அம்மாவின் ஓராண்டு நிறைவுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. நல்லதை மட்டும் எழுது என்றார்கள். அம்மாவைப் பற்றி எழுத நல்லது மட்டுமே இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

அம்மா கூடுவாஞ்சேரி பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பல்லாவரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். கல்யாணத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. மாப்பிள்ளையே போட்டோக்காரர், வேறொரு ஸ்டூடியோக்காரரை உள்ளே விட்டால் தொழிலுக்கு இழுக்காம்.

எண்பதுகளில் இந்தப் பக்கத்து மனிதர்களையும் இடங்களையும் அப்பா எடுத்த படங்களை நீங்கள் அறிவீர்கள். வெள்ளிக்கிழமைச் சந்தை, பம்மல் தோல் ஷெட் தொழிலாளர்கள், நிரம்பி வழிந்த ஏரி, மனைக்கல் நடுவதற்கு முன் தங்கள் வயலில் கடைசியாக நின்ற விவசாயிகள். அத்தனை படங்களையும் இருட்டறையில் கழுவி உலர்த்தியவர் அம்மா. மருந்துத் தண்ணீரில் விரல்கள் வெடித்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார்.

தாத்தாவின் நிலம் மனையானபோதும் அப்பா படம் எடுத்தார். மாமாக்களோடு ஓரமாக வந்து நின்ற அம்மாவிடம், “நீ இன்னாத்துக்கு? நவுரு, நெழல் வுழுது” என்றார். அம்மா நகர்ந்துகொண்டார். மாமாக்கள் நெருங்கி நின்று அந்த இடத்தை நிரப்பிக்கொண்டார்கள்.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அம்மா வாய்விட்டுக் கேட்டார்.

“இன்னாங்க, ஒரே ஒரு படம் எடுத்துடுங்க. புள்ளைங்களுக்கு இருக்கட்டும்.”

“இந்த வீங்கின மூஞ்சியையா? வடியட்டும், பாக்கலாம்.”

வடியவில்லை. அம்மா இறந்த அன்று, நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு, அப்பா ஒரு முழு ரோலையும் எடுத்துத் தீர்த்தார். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இறந்தவர் படத்தில் கண் திறந்திருப்பதுபோல் தூரிகையால் வரைந்து கொடுப்பது ஸ்டூடியோ வழக்கம். மலரின் அட்டைக்காக அப்பா அப்படி வரைந்து தந்த படத்தில் யாரோ ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு லேசான மாறுகண், ஒரு கண் சற்று ஒதுங்கியிருக்குமே என்றேன்.

“அட, ஆமாம்மா. திருத்திட்றேன். எந்தக் கண்ணு, வலதா இடதா?”

இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவர் கேட்டார். நான் சொல்லவில்லை. வரையாத படத்தையே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தயங்கினாலும் அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், நெகட்டிவைத் தந்த அப்பாவுக்கும் எங்கள் நன்றி.

நாலு பேர் பார்க்கிற அட்டையில் அம்மா கண்மூடி இருப்பது அபசகுனம், அப்பா வரைந்ததையே போடு என்று அச்சு ஏறுவதற்கு முன் மாமாக்கள் மூவரும் வந்து சொன்னார்கள். எந்தக் கண் என்று அவர்களையும் கேட்டேன். ஒருவர் வலது என்றார், ஒருவர் இடது என்றார். மூத்தவர், அம்மாவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று அடித்துச் சொன்னார்.