இரண்டு சுழி

எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறினால் போதும், அந்த வாசனையில் இத்தனை வருஷமும் உரிந்து விழ, பத்தாம் வகுப்பு மேடையில் அக்கா நிற்கிறாள். அவள் கையில் ஒரு எலுமிச்சை. என் வயிற்றில் அதே எரிச்சல்.

அவள் பெரியம்மா மகள். பெரியம்மா தவறிய பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டிலிருந்து என் வகுப்பிலேயே படித்தாள். என்னைவிட ஐந்து மாதம் மூத்தவள். அவள் வந்த நாளிலிருந்து மீன் குழம்பின் நடுத்துண்டு அவள் தட்டுக்குப் போயிற்று. அம்மா அவளுக்குத் தலை பின்னும்போது விரல்கள் மெதுவாகப் போயின. எனக்குப் பின்னும்போது ஓடின. தாயில்லாப் பெண்ணிடம் பொறாமைப்படக் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் பட்டேன். எல்லாப் பாடத்திலும் அவளே முதல். ஒன்றே ஒன்றில்தான் நான்: தமிழைப் பிழையில்லாமல் எழுதுவேன். அவளுக்கு மூன்று சுழி ண வரவே வராது. எங்கும் இரண்டு சுழிதான்.

பள்ளியில் விவாதம் வைத்தார்கள். மனிதனுக்கும் குரங்குக்கும் மரபணு இவ்வளவு ஒத்துப்போவது, இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததற்குச் சான்றாகுமா? ஆகும் என்பது அவள். ஆகாது என்பது நான். ஜெயிப்பவள் தஞ்சாவூர்ப் போட்டிக்குப் போகலாம். எனக்குத் தஞ்சாவூர்கூடப் பெரிதில்லை, அன்றைக்கு அந்த நடுத்துண்டு வேண்டியிருந்தது.

முந்தின நாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தேன். 'எதிரணி என்ன சொல்லும்' என்று தனியாக ஒரு பக்கம். எனக்குத் தோன்றாததையெல்லாம் எனக்காக அவளே யோசித்து வைத்திருந்தாள். மடையைத் திறந்துவிட்ட மாதிரி அப்படியே என் தாளில் இறக்கிக்கொண்டேன்.

மேடையில் சொன்னேன்: ஒரே தச்சர் செய்த கதவும் கட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதற்காகக் கதவு கட்டிலுக்குச் சொந்தமாகிவிடுமா? நல்ல கைதட்டல். அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தன் தாவணியை நான் கட்டிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

அப்புறம்தான் எலுமிச்சையைத் தூக்கிக் காட்டினாள். எந்தப் பத்திரிகையில் படித்தாளோ.

"ஆட்டுக்கு இது வேணாம். இதுல இருக்குற வைட்டமின் சியை அது உடம்பே செஞ்சுக்கும். நம்மால முடியாது. அதைச் செய்யுற மரபணு நம்மகிட்டயும் இருக்கு, ஆனா கெட்டுப்போய்க் கெடக்கு. குரங்குகிட்டயும் அதே மரபணு கெட்டுத்தான் கெடக்கு. தச்சர் நல்ல வேலைய ரெண்டு தடவை செய்யலாம், தப்பையுமா பாத்துப் பாத்துச் செய்வாரு? பரிட்சையில ரெண்டு பேரு சரியா எழுதுனா, படிச்சிருக்காங்கன்னு விட்டுடலாம். ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஒரே தப்பு பண்ணுனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். மரபனு. மரபனு. மரபனு. அவசரத்தில் அவள் பிழையையும் சேர்த்தே பெயர்த்திருந்தேன்.

டீச்சர் எங்கள் தாள்களை வாங்கி அருகருகே வைத்தார். "ஏண்டி, உனக்குத்தான் மூணு சுழி தப்பாதே? யாரு யாரைப் பாத்து எழுதுனீங்க?"

அவள்தான் பேசினாள். "யாரும் யாரையும் பாக்கல டீச்சர். எங்கம்மாவும் சித்தியும் இப்படித்தான் எழுதுவாங்க. மேலேருந்து வந்தது."

டீச்சர் சிரித்துவிட்டார். "குரங்கு வழக்கை வீட்டுக்கே கொண்டுபோயிட்டியா!" தஞ்சாவூருக்கு அவளே போனாள். என்னைக் காப்பாற்றியதிலும் அவள்தான் முதல் என்று நான் இன்னும் வெந்தேன்.

முழுப் பரீட்சை முடிந்ததும் பெரியப்பா வந்து அவளை நாகப்பட்டினத்துக்கே கூட்டிப்போனார். பஸ் ஜன்னலோரம் அவள். கீழே நான், அவள் போகிற சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல். வண்டி கிளம்பும் நேரத்தில் கேட்டேன், எனக்காக எதற்குப் பொய் சொன்னாய் என்று. அவள் சொன்ன பதிலைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன். அது என்னவென்று, அம்மா தவறிய பிறகு, அம்மா கைப்பட எழுதிய பழைய மளிகைச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றுதான் தெரிந்தது.

"பொய்யா? சித்தி எழுதுற மளிகைச் சீட்டைப் போய்ப் பாரு, நல்லெண்ணெய்க்கு ரெண்டு சுழிதான் இருக்கும். எங்கம்மா லெட்டர் பூரா அப்படித்தான். நீ வேணா திருத்திக்கடி. எனக்கும் மூணு சுழி போடத் தெரியும். போட மாட்டேன்."