ஈரத் தலையோடு பனிமலைக்கு

"சுடுதண்ணி வராட்டி முகம் கழுவமாட்டாள். இவள் ஸ்னோவுக்குள்ள போய்ப் படுக்கப்போறாளாம்!"

சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் கீழ்வீட்டு அன்ரி இப்படிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "படிப்புக்குத்தானே போறாள்" என்று மட்டும் சொன்னார். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவள் நான். பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு என்று சொன்னால் போதும், அம்மா என்னை எங்கும் அனுப்பிவிடுவார்.

அது 2012 குளிர்காலம். பல்கலைக்கழகப் பயிற்சி முகாமுக்காகச் சிட்னியிலிருந்து பேருந்தில் போய், பனிமலையில் கூடாரமடித்துத் தங்கவேண்டும். தங்கி முடித்தவர்களை மட்டுமே அடுத்த குளிர்காலத்துப் பனி ஆய்வுக் குழுவுக்கு எடுப்பார்கள். மலையில் பனி எவ்வளவு தேங்கியிருக்கிறது, அது உருகினால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று அளக்கும் வேலை. எனக்கு அந்த இடம் வேண்டும். வேறெதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அதனால் உடுப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி, அதன்மேல் பஞ்சுபோன்ற தடித்த ஃபிளீஸ் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜக்கெட். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ஆசையாக வாங்கிவந்த பருத்திச் சட்டைகளைச் சண்டை பிடித்து வீட்டிலேயே விட்டேன்.

புறப்பட்ட நாள் வெள்ளிக்கிழமை.

"வெள்ளியும் அதுவுமாத் தலை முழுகாமல் பயணம் போறதே?" என்றார் அம்மா.

இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. முழுகினேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் தடித்த முடி. அரைகுறையாகத் துவட்டி, இறுக்கிப் பின்னி, கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன்.

பனிக்குள் நடந்துபோய்க் கூடாரம் அடித்து முடித்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. உடம்பு கதகதவென்று இருந்தது. தலை மட்டும் விறைத்தது. பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே இன்னும் ஈரம். நுனி சுள்ளி மாதிரி விறைத்து நின்றது.

என்னோடு கூடாரத்தில் தங்கவிருந்தவள் சென்னைக்காரி, என் வகுப்புத் தோழி.

"ஏண்டி, தலைக்குக் குளிச்சிட்டா வந்த? லூசா நீ?"

"இண்டைக்கு வெள்ளியெல்லே. அம்மா விடேல்லை."

"எங்கம்மாவும்தான் விடல. பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டுட்டு சும்மா நின்னுட்டு வந்தேன்."

அதற்குள் முகாமை நடத்திய குழுத்தலைவி வந்துவிட்டாள். எங்களைவிடச் சில வயது மூத்த ஆஸ்திரேலியப் பெண். பின்னலைத் தொட்டவள், இருட்டுவதற்குள் இது காயாவிட்டால் நீ கீழே விடுதியில்தான் படுக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாள். கீழே இறங்கினால் ஆய்வுக் குழுவில் இடமில்லை.

தோழி என்னைக் கூடார வாசலில் குனிந்து உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்தாள். தான் மாற்றிக்கொள்ள வைத்திருந்த ஃபிளீஸ் சட்டையால் முடியைப் பிடி பிடியாக எடுத்துப் பிழிந்து தேய்த்தாள்.

"ஆ! நோகுது."

"நோகட்டும். கீழ போய் ஹீட்டர் போட்டுத் தூங்குறியா?"

"மாட்டன்."

"அப்ப வாய மூடு. இது முடியா, தேர்வடமா?"

என் மடியில் பனித்துகள்கள் உதிர்ந்தன. முடிக்கற்றைகளுக்கு நடுவே வெளியே பார்த்தேன். வெள்ளையாய்க் கிடந்த சரிவு முழுவதும் மெல்ல இளஞ்சிவப்பாகி, பிறகு நீலமாகிக்கொண்டிருந்தது. வளைந்த யூகலிப்டஸ் மரங்களின் பட்டைகள் மஞ்சளும் பச்சையுமாக மின்னின. ஒரு சத்தமும் இல்லை. நோவைக்கூட மறந்து வாயைத் திறந்தபடி இருந்தேன்.

குழுத்தலைவி திரும்பி வந்து கையுறையைக் கழற்றினாள். என் தலைக்குள் விரல்களை விட்டுப் பின்கழுத்துவரை துழாவினாள். பிறகு தன்னுடைய உலர்ந்த தொப்பி ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டு, "தங்கு" என்றாள்.

விடிந்ததும் கூடாரத்தின் ஸிப்பை இழுத்துத் திறந்தேன். உள்துணியெங்கும் எங்கள் மூச்சு பனிப்பூவாய் உறைந்திருந்தது. வெளியே தண்ணீர்ப் போத்தல் கல்லாகிக் கிடந்தது. வானம் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் குளிரின் நடுவில் என் வயிறும் மார்பும் சுட்டுக்கொண்டிருந்தன. இத்தனை அடுக்கு உடுப்பும் எனக்குச் சூடு தரவில்லை, என் சூட்டைப் போகவிடாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான். சூடு என்னுடையது. இரவு முழுவதும் எரிந்தது நானேதான். அதை நினைக்க நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முகாம் முடிந்து மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே ஆய்வுக் குழுவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பனிச்சப்பாத்தும் வாங்கியாயிற்று. புதுச் சப்பாத்து காலைக் கடிக்குமாம். அதனால், கால் பழகட்டும் என்று, என் பகுதிநேரக் கடை வேலைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.