மோலே ஊற்றிய சஹன்

கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டில் நானும் கணவரும், மகனும் மகளுமாக நாலு பேர். சஹனுக்குச் சரியான கணக்கு. சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோறு, மேலே கறி; சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். மனஸ்தாபம் உள்ளவர்கள் ஒரே சஹனில் கை வைக்க மாட்டார்கள். போன வருஷம் எங்கள் வீட்டுச் சஹன் பரணில் ஏறியது அதனால்தான்.

காரணம் என் மகன். துபாயில் ஒரு ஹோட்டலுக்குக் கணக்கு எழுதப் போனவன், அங்கே சமைத்துக்கொண்டிருந்த மெக்சிகோக்கார அம்மாவிடம் கைப்பக்குவம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். தஞ்சாவூரில் மெக்சிகோ சாப்பாட்டுக் கடை போடப் போகிறேன் என்றான். என் கணவரோ பாதி ஆயுளை வளைகுடா வெயிலில் கழித்தவர். பிள்ளையாவது ஏசி அறையில் உட்காரட்டும் என்றுதான் அவ்வளவும் பட்டார்.

“நெல்லு வெளையுற ஊர்ல மக்காச்சோளம் திங்க எவன் வருவான்? கோழிதான் வரும்” என்றார்.

“ஒரு தடவ வந்து பாருங்க அத்தா” என்று தகப்பனிடம் கெஞ்சினான் அவன்.

கடை திறந்த பிறகும் இவர் போகவில்லை. அன்றிலிருந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு நேரம். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். ஒரே அச்சில் வார்த்த பிடிவாதம். நடுவில் திரும்பத் திரும்பச் சோறு போட்டு அலுத்துப்போனவள் நான்.

போன மாதம் இவரைக் கண் டாக்டரிடம் காட்ட நானும் மகளும் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். மதிய நேரமாகப் பார்த்து நான்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தேன். வெளியே வந்ததும், “எனக்குப் பசிக்குது. நான் எம் புள்ள கடைக்குப் போறேன். நீங்க வேணா பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க” என்றேன். முறைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

கடையில் பெரிய கூட்டம் இல்லை; காலியாகவும் இல்லை. எங்களைப் பார்த்த மகன் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான். கிட்டே வர அவனுக்குத் தைரியம் இல்லை.

முதலில் ஒரு வாழையிலைப் பொட்டலம் வந்தது. பிரித்தால் ஆவி பறக்க அவித்த மக்காச்சோள மாவு, உள்ளே கோழிக்கறி. பெயர் தமாலாம். தெற்கு மெக்சிகோவில் வாஹாகா என்கிற மாநிலத்துச் சாப்பாடு என்றும், சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள் என்றும் மகள் சொன்னாள். இவர் இலையை மோந்து பார்த்தார். பாராட்டு ஒன்றும் வரவில்லை, ஆனால் இலையில் மிச்சமும் இல்லை.

அடுத்தது மோலே. வறுத்த மிளகாய், எள், வேர்க்கடலை, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் அரைத்த கறுப்புக் குழம்பு. அதில் கோழி, பக்கத்தில் சோறு. மூன்று பேருக்கும் தனித்தனித் தட்டு.

“கறியில சாக்லேட்டா? வெளங்கிடும்” என்றபடி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் தொட்டார். பிறகு மூன்று தட்டுகளையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். வாசலில் நின்ற பிள்ளையின் முகம் செத்துவிட்டது.

“தம்பி, பெரிய தட்டா ஒண்ணு கொண்டாங்க” என்று பரிமாறுகிறவரிடம் கேட்டார்.

மாவு பிசைகிற தாம்பாளம் ஒன்று வந்தது. மூன்று தட்டுச் சோற்றையும் அதில் கொட்டி, மேலே கறியை வைத்து, மோலேயை ஊற்றினார். பக்கத்து மேசையில் இருந்த காலேஜ் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

மகள் கை நீட்டினாள். “இரு” என்றார். அடுப்படிப் பக்கம் திரும்பாமலே சத்தமாகச் சொன்னார்: “சஹன்ல ஒரு பக்கம் காலியாக் கெடக்கு. சோறு ஆறுது.”

அவன் ஏப்ரனோடு ஓடி வந்து உட்கார்ந்தான். இவர் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். நல்ல கறித்துண்டை விருந்தாளி பக்கம் நகர்த்துவது எங்கள் பழக்கம். இவர் தொடைக்கறியைப் பிள்ளை பக்கம் நகர்த்தினார். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான்; ஆனால் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கை கழுவும்போது இவர் அவனிடம், “உப்பு ஒரு கல்லு கம்மி” என்றார். “வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சு கூட்டாளிங்கள அழைச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள நல்ல சஹனா ஒண்ணு வாங்கி வை.”

“எதுக்கு வாங்கணும்? நம்ம வீட்டுப் பரண்ல சும்மாதானே கெடக்கு” என்றான் அவன்.

“அது வீட்டுக்கு வேணும்” என்றார்.