ஒரு தடவைதான் கேட்பார்கள்

ராட்டர்டாம் நகரத்துக்கு வந்த புதிதில் நான் குடிக்காமல் விட்ட காப்பியையெல்லாம் ஒன்றாக ஊற்றினால் அமராவதி அணையில் பாதி நிறைந்துவிடும். முதல் காப்பியை மரீக்கே வீட்டில் இழந்தேன். என்னோடு இசைக் கல்லூரியில் படித்த டச்சுப் பெண் அவள்; இப்போது எங்கள் இசைக்குழுவில் பியானோ வாசிக்கிறாள். பயிற்சிக்காகப் போயிருந்தேன். வெளியே மழை, உள்ளே காப்பி வாசம் மூக்கைத் துளைக்கிறது. "காப்பி குடிக்கிறாயா?" என்று கேட்டாள். "வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்றேன். எங்கே குடித்தேன்? காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்பவன் காணாததைக் கண்டவன். "அட, ஒரு வாய் குடிங்க" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். "எதுக்குங்க சிரமம்" என்று நாமும் கொஞ்சம் நெளிய வேண்டும். அதற்குள் டம்ளர் கைக்கு வந்திருக்கும். மரீக்கேயோ "சரி" என்றாள். தனக்கு மட்டும் ஊற்றி, எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, ரசித்துக் குடித்தாள். இன்னொரு தடவை கேட்பாள் என்று பயிற்சி முடியும் வரை காத்திருந்தேன். மழையில் நனைந்து வீட்டுக்கு நடக்கும்போதும், பின்னால் ஓடி வந்து கேட்பாளோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

நான் வாசிப்பது உலோகத்தில் செய்த மேல்நாட்டுப் புல்லாங்குழல், உடம்பெல்லாம் விரலால் அழுத்தும் சாவிகள். கருமத்தம்பட்டியில் எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவின் அலமாரியில் அது சும்மா கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு பாதிரியார் விட்டுப்போனது. யார் ஊதினாலும் காற்றுதான் வந்தது. எனக்கோ அப்பாவின் தறிக்கூடத்தில் விசைத்தறிமேல் படியும் பஞ்சை ஊதித் தள்ளியே மூச்சு தேறியிருந்தது. ஊதினேன், கத்திவிட்டது. அன்றைக்கு என் கையில் ஒட்டியதுதான். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "எவர்சில்வருங்களா?" என்று விசாரித்தார்கள். உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் தாமஸ் மாமா, என் அம்மாவின் அண்ணன், குழலை வாங்கிக் காதோரம் வைத்து, தேங்காயைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தார். "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா சோறு போடாது கண்ணு. மண்டில உனக்கு ஒரு எடம் எப்பவும் இருக்கும், வந்துரு" என்றார். "வேண்டாமுங்க மாமா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

அப்புறம் இணையத்தில் ஜாஸ் கேட்டுக் கெட்டுப்போனேன். ஜாஸிலிருந்து கியூபா நாட்டு ஆட்டப் பாட்டுக்குத் தாவினேன். அங்கே புல்லாங்குழல்தான் ராஜா, ஊரே ஆடும். கற்றதைக் கிணத்துக்கடவில் ஒரு கல்யாண வரவேற்பில் அரங்கேற்றினோம். நான், ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ். எழுதிவைக்காமல் அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் ஜாஸின் உயிர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உயிரை விட்டேன். கண்ணைத் திறந்தால் எதிரில் மாப்பிள்ளையின் அப்பா, பட்டு வேட்டியோடு, மிகவும் பணிவாக நிற்கிறார். "ஏனுங் தம்பி, மைக்கெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. பாட்டு எப்பங்க ஆரம்பிப்பீங்க?" அந்த வாரமே ராட்டர்டாம் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன்.

படிப்பு முடிந்ததும் ராமீரோவின் குழுவில் சேர்ந்தேன். ராமீரோ கியூபாக்காரர், காங்கா மத்தளம் வாசிப்பவர், குழுவின் தலைவர். நரைத்த மீசையும் தொந்தியும் பார்த்தால் அவிநாசி ரோட்டில் மோட்டார் கம்பெனி வைத்திருப்பவர் மாதிரி இருப்பார். அந்தக் கோடைக்காலம் முடியும்வரை என்னைப் பார்ப்பார், பிடித்திருந்தால் நிரந்தரம் என்பது பேச்சு. பிடிக்காவிட்டால் என் விசாவும் முடியும், உடுமலையில் மாமா மண்டியைத் திறந்து வைத்திருப்பார். இந்தப் பயத்தோடுதான் மேடை ஏறினேன். பாட்டின் நடுவில் ராமீரோ யாரையாவது பார்த்து மோவாயை ஆட்டுவார்; அந்த ஆள் தனியாக வாசிக்க வேண்டும். முதல் கச்சேரியிலேயே என்னைப் பார்த்து ஆட்டினார். உள்ளம் குளிர்ந்துவிட்டது. பெரிய மனிதர் கேட்கிறார், உடனே பாய்ந்தால் என்ன நினைப்பார்? நெஞ்சில் கை வைத்து, லேசாகக் குனிந்து, பக்கத்தில் இருந்த டிரம்பெட்காரரைக் காட்டினேன். 'மொதல்ல அவருங்க.' அந்தப் படுபாவிக்கு ஒரு தடவை சொன்னால் போதும். எழுந்து வாசித்துத் தள்ளிவிட்டார். ராமீரோ என்னை இன்னொரு தடவை பார்ப்பார் என்று குழலை உதட்டருகே வைத்தே நின்றேன். பாட்டு முடிந்துவிட்டது.

கோடை முழுக்க இதே கதை. கச்சேரிக்கு ஒரு தடவை கேட்பார், நான் குனிவேன், டிரம்பெட்காரர் புகழ் பெறுவார். கடைசிக் கச்சேரிக்கு முந்தின நாள் பயிற்சி முடிந்ததும் ராமீரோ என்னை ஓரமாக அழைத்தார். என் பெயரில் பாதிதான் அவர் வாயில் நுழையும். "ஆரோ, நீ பயிற்சியில் நன்றாக வாசிக்கிறாய். மேடையில் ஏன் மாட்டேன் என்கிறாய்? வேறு ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன்."

"நான் எப்போது மாட்டேன் என்றேன்?"

"ஒவ்வொரு தடவையும் சொன்னாய்."

"அது முதல் தடவைக்குச் சொன்னது. நீங்கள் இரண்டாம் தடவை கேட்கவே இல்லையே!"

ராமீரோ, பியானோவை மூடிக்கொண்டிருந்த மரீக்கேயைப் பார்த்தார். மரீக்கே மெதுவாக, "அப்படியானால் அன்றைக்கு உனக்குக் காப்பி வேண்டியிருந்ததா?" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு வேதனையை நான் பார்த்ததில்லை. "நாளைக்கும் ஒரு தடவைதான் கேட்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் ராமீரோ.

மறுநாள் மோவாய் அசைவதற்கு முன்பே நான் முன்னால் வந்து நின்றேன். வாசித்தேன். நானே சொல்லக் கூடாது, நன்றாக வாசித்தேன். ஆட்கள் ஆடினார்கள். சிக்கல் எங்கே வந்ததென்றால், முடிப்பதில் வந்தது. எங்கள் ஊரில் விருந்தாளி "வாரேனுங்க" என்று எழுந்தால் கிளம்பிவிட்டான் என்று பொருளில்லை. வாசலில் ஒரு பேச்சு, செருப்பைத் தேடும்போது ஒரு பேச்சு, வண்டியைக் கிளப்பி, அணைத்துவிட்டு இன்னொரு பேச்சு. சட்டென்று போனால் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் முடிவுபோல ஒரு வரி வாசித்தேன். அடுத்த அடியைப் பிடிக்கப் பாடகர் வாயைத் திறந்தார். எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. மறுபடி முடித்தேன், மறுபடி திரும்பினேன். ராமீரோ உள்ளங்கையை உயர்த்தி என் பக்கம் காட்டினார். எங்கள் ஊரில் வீட்டுக்காரர் அப்படிக் கையைக் காட்டினால் "இருங்க இருங்க, சாப்பிட்டுப்போட்டுப் போலாம்" என்று பொருள். கடைசியில் இப்போதாவது வற்புறுத்துகிறாரே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இன்னும் பலமாக வாசித்தேன். அவர் இரண்டு கையையும் உயர்த்தினார். சரி, விடவே மாட்டேன் என்கிறார் என்று கீழே இறங்கி ஆடுகிறவர்கள் நடுவிலேயே போய்விட்டேன். ஒருவழியாகப் பாடகர் மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கத்தி மேடைக்கு இழுத்து வந்தார்.

வேலை போயிற்று என்று குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். ராமீரோ வியர்வையோடு வந்தார். "நிறுத்து என்றேன். இரண்டு கையாலும் சொன்னேன்." கைக்கு எங்கள் ஊர் அர்த்தத்தை விளக்கினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கள் தெருவிலும் யாரும் நேராக வீட்டுக்குப் போனதில்லை. இந்த ஊருக்கு வந்து அது எனக்கே மறந்துவிட்டது" என்றார். இடம் எனக்குத்தான். ஒரே நிபந்தனை: இனி டிரம்பெட்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தால் நிறுத்திவிட வேண்டும்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "காப்பி குடிக்கறியா கண்ணு?" என்றார். "குடுங்க" என்றேன். அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்க ஒண்ணுமே குடுக்கறதில்லைங்களாட்ட இருக்குது, பாருங்க, கேட்டதுமே வாங்கிக்கறான்" என்று அப்பாவிடம் அழுதார். அதற்குப் பிறகு வந்த இட்லிக்கு நான் பொறுப்பல்ல.

திரும்பும் அன்று தாமஸ் மாமா கோயமுத்தூர் விமான நிலையம்வரை வந்தார். வாசல் கண்ணாடிக் கதவருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மண்டில உன்ற எடம் அப்படியே இருக்குது கண்ணு" என்றார்.

"வேண்டாமுங்க மாமா. எனக்கு அங்க நெரந்தரமாயிருச்சுங்க. நெசமாலுமே வேண்டாமுங்க."

"அட, நீ அப்படித்தாஞ் சொல்லுவே" என்று தோளைத் தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ஊரில் என் 'வேண்டாம்' ஒரே தடவையில் செல்லுபடியாகி இடமே போகப் பார்த்தது. இந்த ஊரில் ஆயுசுக்கும் சொன்னாலும் அது செல்லாது. அந்த இடம் இருந்துகொண்டேதான் இருக்கும். சிரிப்பு வந்தது. "வாரேனுங்க மாமா" என்று உள்ளே போனவன், இரண்டு தடவை வெளியே வந்து பேசிவிட்டுத்தான் போனேன். காவலுக்கு நின்றவர் தடுக்கவில்லை. அவரும் நம்ம பக்கத்து ஆள் போலிருக்கிறது.

விமானம் மேலே ஏறியதும் பணிப்பெண் வந்து காப்பி வேண்டுமா என்று கேட்டார். கீழே ஊர் மறைந்துவிட்டது, ராட்டர்டாம் இன்னும் வெகுதூரம். எந்த ஊர்ப் பதிலைச் சொல்வதென்று யோசிப்பதற்குள் வாய் "வேண்டாமுங்க" என்றுவிட்டது. அவர் தலையசைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். அவர் திரும்பி வரும் வரை, எனக்கு முன்னால் விரித்திருந்த தட்டு மேசையை நான் மடக்கவில்லை.