வாசலோடு முடியும் புத்தகங்கள்

சென்றாயனுக்குத் தன் வீட்டில் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பித்தளைச் சொம்புதான். சொம்பின்மேல் குற்றமில்லை. மனைவி சுகுணா அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றியதும் அதில் தண்ணீரோடு எதிரே வந்து நின்றுவிடுவாள். கடைவீதிக்குப் போய் வந்தாலும் சொம்பு. கொல்லையில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தாலும் சொம்பு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குத்தான் இந்த உபசாரம். வீட்டுக்காரனுக்குத் தாகம் எடுத்தால் அண்டாவில் தானே மொண்டு குடித்துக்கொள்வான். கட்டின மனைவி தன்னை விருந்தாளியாக நடத்துகிறாளே என்று சென்றாயனுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து சொன்னானா என்றால், அதுதான் இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன் அவன். மீசை அரும்பின வயதில் தருமபுரி மாதவராஜின் போர்வெல் லாரியில் ஏறினான். அதற்கப்புறம் ராய்ப்பூர், நாக்பூர், ராஜஸ்தான் என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்து ஊரார் வீட்டுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். சொந்த ஊருக்கு வருவது வருஷத்தில் ஒரு தரம், பொங்கலுக்கு. கல்யாணமும் ஒரு பொங்கலை ஒட்டித்தான் நடந்தது, மகள் அம்பிகாவின் காதுகுத்தும் அப்படியே. வடக்கே போனால் அவனை மதராசி என்பார்கள். இங்கே வந்தால் "வடக்க இருக்கறவரு" என்பார்கள். இரண்டு பக்கத்திலும் எதிர்ப்பக்கத்து ஆளாக இருப்பது பெரிய கொடுமை. பட்டவனுக்குத்தான் தெரியும்.

புத்தகப் பழக்கம் லாரியில்தான் ஒட்டிக்கொண்டது. முன்பிருந்த டிரைவர் சீட்டுக்கடியில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை விட்டுப் போயிருந்தார். யாரோ ஒரு மனுஷன் மலை மலையாக நடந்து போன கதை. ஒரு தரம் கம்ப்ரசர் பழுதாகி, ஸ்பேர் வரும்வரை பொட்டல்காட்டில் வண்டி நின்றது. வண்டி நிழலில் படுத்தபடி சென்றாயன் அதைப் படித்து முடித்தான். முடித்துவிட்டு அழுதான் என்று கூட இருந்தவர்கள் கேலி பேசுவார்கள். உண்மைதான், அழுதான். அந்த மனுஷன் கடைசிப் பக்கத்தில் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.

அதிலிருந்து பித்துப் பிடித்துக்கொண்டது. ஊருக்கு வருகிற வழியில் சேலத்துப் பழைய புத்தகக் கடையில் இறங்குவான். பயணக் கதை இருந்தால் மட்டும்தான் வாங்குவான். பாலைவனத்தில் வழிதவறியவன், தனியாகப் படகு விட்டவன், கப்பலேறிப் போன பாட்டனின் ஊரைத் தேடி அலைந்தவள், எல்லாரும் அவனோடு லாரியில் வந்தார்கள். கேபினில் அவர்களுக்கென்று ஒரு தகரப்பெட்டி இருந்தது.

போன வருஷம் இடுப்பு போய்விட்டது. துளை போடும் இரும்பு ராடுகளைத் தூக்கித் தூக்கி எலும்பு தேய்ந்துவிட்டதாம். இனி பாரம் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கும் கல்யாணமாகிவிட்டது. இந்தப் பொங்கலுக்கு வந்த சென்றாயன் இனிமேல் போவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டான். சுகுணாவிடம் சொல்லவில்லை. சொந்த வீட்டுக்கு வந்ததை யாராவது தண்டோரா போடுவார்களா? தானாகவே தெரிந்துகொள்வாள் என்று இருந்துவிட்டான். ஆம்பிளைகளின் மூளை சில விஷயத்தில் இப்படித்தான்.

தை போய் மாசியும் போயிற்று. சுகுணாவுக்கு எதுவும் தெரிந்தபாடில்லை. சொம்பு வந்துகொண்டே இருந்தது. அவனுடைய பயணப் பை வழக்கம்போல ஆணியில் தொங்கியது. துணிமணியை அதிலிருந்தே எடுப்பான், துவைத்து மடித்து அதிலேயே வைப்பான். அது கைப்பழக்கம். பையோடு கொண்டுவந்திருந்த நாலைந்து புத்தகங்களையே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தான்.

பங்குனியில் ஒரு நாள் மாதவராஜிடமிருந்து போன் வந்தது.

"வண்டி பட்டறைக்கு வந்திருக்குதுப்பா. உன் புஸ்தகப் பொட்டி கேபின்லயே கெடக்குது. வந்து எடுத்துக்கினு போ" என்றார்.

"சரிங்கண்ணா. காலைல வந்துடறேன்" என்றான் சென்றாயன்.

அடுப்படியில் இருந்த சுகுணாவின் காதில் விழுந்தது இந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.

மறுநாள் காலையில் துணிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தகரப்பெட்டியில் இருப்பதை மாற்றிக்கொள்ள வெறும் பையை எடுத்துக்கொண்டான். சுகுணா மாட்டுக்கொட்டகையிலிருந்து வருவதற்குள் பை தோளில் ஏறிவிட்டது. அவள் எதுவும் கேட்கவில்லை. வெளியே கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை வாய்தவறிக் கேட்டுவிட்டாள். அந்தப் பயணத்தில்தான் ராடு விழுந்து அவன் கால் நசுங்கியது. அன்றைக்கு மூடின வாயை இத்தனை வருஷமாக அவள் திறந்ததில்லை. துணிப்பை ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"சோறு வச்சிருக்கறேங்க" என்றாள். கண்ணைப் பார்க்கவில்லை.

பட்டறையில் மாதவராஜ் தகரப்பெட்டியை இறக்கி வைத்திருந்தார். மத்தியானம் சாப்பிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். துணிப்பையைத் திறந்தால் புளிச்சோறு மூன்று வேளைக்கு வரும். கூடவே இடுப்புக்குத் தடவும் தைலம். அடியில் மடித்து வைத்த கம்பளிக் குல்லா.

"என்னய்யா, இந்த வெயில்ல குல்லாவா? உன் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்தார் மாதவராஜ்.

சென்றாயனும் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. வடக்கே குல்லா தேவைப்படுவது மார்கழிக் குளிரில். அடுத்த பொங்கல் வரைக்கும் சேர்த்துத்தான் அவள் கட்டிக் கொடுத்திருக்கிறாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல், குல்லாவைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் இப்படித்தான் வைத்திருப்பாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சோற்றை மூடிவிட்டு எழுந்தான்.

புத்தகங்களைப் பையில் திணித்தான். மிஞ்சியதைப் பெட்டியோடு தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். பாரம் தொடாதே என்ற டாக்டரின் பேச்சு அன்றைக்குக் காற்றில் போயிற்று.

அவன் வீடு சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சுகுணா வாசலில் புளியைக் குவித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். அழுது வீங்கிய முகம்.

"வண்டி போவலீங்களா?"

"வண்டி போவும். நான் போவல. நான் பொங்கலோடயே வந்துட்டேன் சுகுணா."

"அத வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களா?" அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பை ஆணியிலயே தொங்குது. துணிய எடுத்து அலமாரில வச்சீங்களா? பொழுதன்னிக்கும் ஊரு ஊரா போறவன் கதையவே படிச்சிக்கினு உக்காந்திருந்தா நான் என்னான்னு நெனைக்கறது? இடுப்பு சரியானா கெளம்பிடுவாருன்னு நானு ஒவ்வொரு நாளும் பயந்துக்கினே கெடந்தேன்."

சென்றாயன் பெட்டியை இறக்கி வைத்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

"போறதுக்காகப் படிக்கல. கடைசியில வூடு வந்து சேர்றானான்னு பாக்கத்தான் படிக்கறேன்."

"சேர்ந்தானுங்களா?"

"பாதிப் பேரு சேர்ந்தானுங்க. வாசலுக்கு வந்ததும் புஸ்தகம் முடிஞ்சிருது. அப்புறம் உள்ள போயி எப்பிடி இருந்தான்னு எவனும் எழுதல. அதுதான் எனக்கும் தெரியல."

சுகுணா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பையைத் தன் பக்கம் இழுத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியின்மேல் அடுக்கினாள். காலிப் பையை உதறி, கொட்டை எடுத்த புளியை இரண்டு கையாலும் அள்ளி அதில் போட்டாள். அவன் பதறிப்போய்ப் பார்த்தான். ராய்ப்பூரில் வாங்கின நல்ல பை.

"புளி போட சாக்கு பத்தலைங்க" என்றாள்.

வழி முழுக்க வெயிலில் வந்ததில் அவனுக்கு நாக்கு வறண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பழக்கத்தில் நின்றான். அவள் எழுந்திருக்கவில்லை.

"தண்ணி அண்டாவுல இருக்குது, மொண்டு குடிங்க. என் கையெல்லாம் புளி" என்றாள். அவன் நிலைப்படியைத் தாண்டும்போது பின்னாலிருந்து இன்னொரு குரல் கொடுத்தாள். "வரும்போது எனக்கும் ஒரு சொம்பு கொண்டாங்க."

சென்றாயன் உள்ளே போய் அண்டாவின் மூடியைத் திறந்தான். கண் கலங்கி மறைத்ததில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சொம்பைத் தேடி எடுக்கவே கொஞ்ச நேரமாயிற்று.