வேல்குமார் அண்ணன் குடிச்ச பால்

எனக்கு வாய் கொஞ்சம் நீளமுங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீங்களா கண்டுபுடிக்க வேண்டாம்.

பல்லடம் ரோட்டுல ஒரு பால் கம்பெனில நான் பேக்கிங் பாக்கறேன். லேப்ல வேல்குமார் அண்ணன். அம்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகல, தனிக்கட்டை. ரெண்டு வாட்டி ஏதோ காயிதம் குடுக்க எங்க ஊட்டுக்கு வந்தாரு. ரெண்டு வாட்டியும் காப்பிய வேண்டாம்னுட்டாரு. எங்க பக்கம் ஊடு தேடி வந்தவங்க ஒரு வாய் காப்பி குடிக்காம போனா, அதை விட மரியாதைக் கேடு வேறில்லீங்க. பெரிய இவரு, நம்மூட்டுல கை நனைக்க மாட்டாராக்கும்னு எனக்கு ஆத்திரம். கம்பெனி பூராவும் சொல்லி வெச்சேன்.

போன வருசம் லேப்ல ஒரு கண்ணாடிக் குழாய மாட்டுனாரு. உள்ள சுருட்டி வெச்சது பனியன் துணி, கட்டிங் வேஸ்ட்டு. "பால்ல துணியப் போடறீங்களே, முதலாளிக்குத் தெரியுமுங்களா?"ன்னேன். அவர் கோவிச்சுக்கல. பால்ல இருக்கற சர்க்கரைய உடைக்கறதுக்கு ஒரு என்சைம் இருக்குதாம். அதைப் பால்ல ஊத்துனா ஒரு தடவையோட போச்சு. துணில ஒட்ட வெச்சுட்டா பால் மட்டும் வழிஞ்சு போகும், என்சைம் துணியோடயே நின்னுக்கும். நாளைக்கும் அதே துணிய வெச்சுக்கலாம்.

"யாருக்குங்ணா இதெல்லாம்?"

"எனக்குத்தான் அம்மிணி. அந்தச் சர்க்கரை எனக்குச் செரிக்காது. அரை டம்ளர் பால் உள்ள போனா வயிறு உப்பி, கக்கூஸே கதி."

அன்னிக்குத்தான் எல்லாம் சொன்னாரு. கணியூர்ல பொண்ணு பாக்கப் போயி, பொண்ணு கொண்டாந்த காப்பிய வாங்கல. பொண்ணப் புடிக்கலைன்னு நெனச்சு அவங்க எந்திரிச்சுட்டாங்க. அடுத்த எடத்துல தைரியமாக் குடிச்சாரு, பாதிப் பேச்சுல கொல்லைக்கு ஓடுனாரு. சீக்காளின்னுட்டாங்க. அதுக்கப்புறம் விசேசம்னு யார் ஊட்டுக்கும் போறதில்லையாம். எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு.

தை மாசம் எங்க புது ஊட்டுக்குப் பால் காய்ச்சுனோம். "உங்க பாலத்தானுங்ணா காய்ச்சப் போறேன். எல்லாரு முன்னாலயும் நீங்களும் குடிக்கோணும்"னேன். அவர் மூஞ்சியப் பாக்கோணுமே. "சர்க்கரை போட்டுறாதீங்க அம்மிணி, பால்ல இருக்கற சர்க்கரை உடைஞ்சா அது தானாவே இனிக்கும்"னாரு.

விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தூக்குப்போசில கொண்டாந்தாரு. பால் பொங்குச்சு, எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தேன். நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தா சப்புனு இருக்குது. "என்னங்ணா, உங்க பால் இனிக்கவே இல்ல"ன்னு கூட்டத்துல கேலி பண்ணிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. ஒரே மூச்சுல குடிச்சு டம்ளரக் கீழ வெச்சுட்டுக் கெளம்பிட்டாரு.

ரெண்டு நாளு வேலைக்கு வரல. மூணாம் நாளு அவர் ரூமத் தேடிப் போனேன். ஆளு துவண்டு போயி உக்காந்திருந்தாரு.

பால் கம்பெனிக்கு வர்றதுக்கு முந்தி இருவது வருசம் பனியன் துணி அலசற பயோவாஷ் பட்டறைல இருந்தவருங்க அவரு. அங்க என்சைம் போட்டுப் பனியனை வழுவழுப்பாக்கி முடிச்சதும், தண்ணிய எம்பது டிகிரிக்கு ஏத்தி அதைச் சாகடிக்கோணும். இல்லீன்னா துணியவே தின்னுரும். பால் காய்ச்சறதுக்கு முந்துன சாயங்காலம், லேப் குழாய்ல இருந்த துணிய அலசறப்ப, பழகுன கை சுடுதண்ணிய ஊத்திருச்சு. என்சைம் செத்துப்போச்சு. அன்னிக்கு ராத்திரியே பால விட்டுப் பாத்தா சர்க்கரை உடையல.

"தெரிஞ்சே எதுக்குங்ணா குடிச்சீங்க?" எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு.

"இத்தன வருசத்துல விசேசத்துக்குன்னு கூப்புட்டது நீங்க ஒருத்தர்தான். அங்கயும் போயி வேண்டாம்னு எப்படிச் சொல்றது அம்மிணி?"

வரக்காப்பி போடறேன்னு எந்திரிச்சாரு. நான் தடுக்கல. கொண்டாந்து எங்கைல குடுத்துட்டுச் சுவத்தோரமா நின்னாரு. உங்களுக்கு எங்கீங்ணான்னு கேட்டேன்.

"நீங்க குடிங்க அம்மிணி. கழுவிட்டு அப்புறம் நான் குடிச்சுக்கறேன். டம்ளர் ஒண்ணுதான் இருக்குது"ன்னாரு.